வேடியப்பன் கல்லும் கர்ணத்தின் அடங்கலும்: உள்ளூர் வரலாற்றுக் கழக ஆவணங்களைப் படிப்பது எப்படி?

ஊர் வரலாறு என்ற பெயரில் அச்சாகும் சிறு புத்தகங்களைப் புரட்டினால் ஒரு பழக்கம் கண்ணில் படும். முதல் பத்துப் பக்கம் தலபுராணம்: முனிவர் வந்தார், தவம் செய்தார், சுயம்பு லிங்கம் தோன்றியது. அப்புறம் ஒரு சோழ மன்னன், இல்லையென்றால் ஒரு பாளையக்காரர். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஊருக்கு மின்சாரம் வந்துவிடும். ஊராட்சித் தலைவர்களின் படங்கள் வரிசையாக வந்து புத்தகம் முடியும். நடுவே எழுநூறு எண்ணூறு ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். ஏரியை வெட்டியது யார், பஞ்சத்தில் எத்தனை வீடு காலியானது, மானாவாரிக் காடு எப்போது தோப்பானது, எதற்கும் பதில் இருக்காது.

ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலான ஊர்களுக்கு அது பொருந்தாது. வரி வாங்கவும் வழக்கு நடத்தவும் தானத்தைப் பதியவும் எழுதிய காகிதங்களும் கற்களும் ஏராளமாக இருக்கின்றன. ‘வரலாறு’ என்று அவற்றின்மேல் யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பல வேளைகளில் அவை இன்றைய மாவட்டத்தின் பெயரில்கூட இருப்பதில்லை. இந்தச் சிதறலை ஓரளவு கட்டிச் சேர்த்து வைத்திருப்பவர்கள் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள்தான்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட அமைப்புகளுக்குக் குறைவில்லை. தஞ்சாவூரை மையமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1990களின் தொடக்கத்திலிருந்து ‘ஆவணம்’ இதழை வெளியிட்டு வருகிறது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் கல்வெட்டு, செப்பேடு, நடுகல் பற்றிய செய்திகளை அதில் தொடர்ந்து பார்க்கலாம். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, திருப்பூர், ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று மாவட்டத்துக்கு ஒரு குழுவாவது இயங்குகிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வருவாய்த்துறையில் இருந்தவர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், கேமராவோடு மலையேறும் இளைஞர்கள். அலுவலகம் என்று பார்த்தால் ஒரு பீரோவும் இரண்டு இரும்பு ரேக்கும் இருக்கும். சில இடங்களில் அதுவும் செயலாளரின் வீட்டு முன்னறைதான்.

இந்த அலமாரியில் என்ன இருக்கும், அதை எப்படிப் படிப்பது என்று சொல்ல ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. நான் எடுத்துக்கொள்வது பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதி, அதாவது இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். ஆவணம் எந்தப் பெயரில் எங்கே கிடக்கும் என்ற சிக்கலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இந்தப் பகுதியின் பெரும்பங்கு, பாராமகால் என்ற பெயரில், 1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பக்கம் 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் வந்தது. அப்புறம் நீண்ட காலம் எல்லாமே சேலம் மாவட்டம். 1965இல் தர்மபுரி பிரிந்தது, 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பக்கத்துத் திருப்பத்தூரோ 1911 வரை சேலத்தில் இருந்து, வடஆர்க்காட்டுக்குப் போய், வேலூரில் இருந்து, 2019இல் தனி மாவட்டமானது. ஆகவே கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் 1860ஆம் ஆண்டு நிலவரம் வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று கேட்டுப் பயனில்லை. சேலம் மாவட்டம், இன்ன தாலுக்கா, இன்ன கிராமம் என்று கேட்க வேண்டும். அந்தத் தாலுக்காவும் நடுவில் மாறியிருக்கலாம். கிராமமே இரண்டாகப் பிரிந்தோ பக்கத்துக் கிராமத்தோடு சேர்ந்தோ இருக்கலாம். வட்டாரக் கழகத்தில் நாலைந்து வருஷம் உழைத்த எவரும் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டால் சென்னைக்குப் போய்வரும் பஸ் செலவு மிச்சம்.

சரி, ரேக்குக்கு வருவோம். மேல்தட்டில் குழாய்போலச் சுருட்டி, நூல் கட்டி, வரிசையாக நிற்பவை மைப்படிகள். கல்வெட்டைக் காகிதத்தில் படியெடுப்பதற்கு இன்றும் இதுதான் வழி. முதலில் கல்லைத் துடைப்பத்தாலும் பிரஷ்ஷாலும் தேய்த்துத் தண்ணீர்விட்டுக் கழுவுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போக வேண்டும், எழுத்து உதிரவும் கூடாது. ஈரப்படுத்திய தாளைக் கல்மேல் ஒட்டி, கெட்டி மயிர் பிரஷ்ஷால் சீராகத் தட்டிக்கொண்டே வந்தால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். தாள் பாதி காய்ந்ததும் மையை ஒரு பொதியில் தொட்டு ஒற்றுவார்கள். மேட்டில் மை பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. கறுப்புப் பின்னணியில் எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். காய்ந்த தாளை உரித்து எடுத்தால் மைப்படி. வெயிலில் நின்று கல்லையே பார்த்துக்கொண்டிருந்தபோது புலப்படாத எழுத்து, மேசைமேல் விரித்த தாளில் பளிச்சென்று தெரியும்.

அந்த மைப்படியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதை மறக்காமல் பார்க்க வேண்டும். ஊர், கோயில், எந்தச் சுவர், எடுத்த தேதி, எடுத்தவர் எல்லாம் அங்கேதான் இருக்கும். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்தும் டைல்ஸ் ஒட்டியும் எத்தனையோ கோயில் சுவர்கள் எழுத்தை இழந்துவிட்டன. ‘மகாமண்டபம் வடக்குச் சுவர்’ என்று ஓரத்தில் ஒரு வரி இருந்து, இன்று அந்தச் சுவரில் கிரானைட் பளபளத்தால், இனி அந்தத் தாள்தான் மூலம்.

கல்வெட்டுகளை அரசு முறையாகப் படியெடுக்கத் தொடங்கியது 1880களின் பிற்பகுதியில், அரசுக் கல்வெட்டாய்வாளராக இருந்த ஹூல்ஷ் காலத்தில். ஆண்டுதோறும் வந்த கல்வெட்டு அறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் உண்டு. உங்கள் ஊர்க் கோயிலுக்கு எண் இருக்கிறதா என்று அந்த அறிக்கைகளில் தேடுவதுதான் முதல் வேலை. பல ஊர்களுக்கு நாலு வரிச் சுருக்கம் மட்டும் இருக்கும், முழுப் பாடம் அச்சேறியிருக்காது. பழைய மைப்படிகள் மத்தியக் கல்வெட்டுத்துறை அலுவலகம் இருக்கும் மைசூருக்குப் போனதால் பல தலைமுறை ஆய்வாளர்கள் அங்கே ரயிலேறினார்கள். அந்த அறிக்கைக்காரர்களின் கண்ணில் படாத கற்களும் நிறைய. உள்ளூர்க் கழகத்தின் மைப்படிகளில் பாதி இந்த வகைதான்: வயல் நடுவில் கிடந்தவை, துணி துவைக்கும் கல்லாகப் போனவை, மதகில் பதித்தவை.

பழைய சேலத்தின் வடபகுதிக்கும் அதை ஒட்டிய செங்கம் பகுதிக்கும் உரிய தனிச் செல்வம் நடுகல். ஆநிரை கவர வந்தவரோடு பொருதோ, கவர்ந்த ஆநிரையை மீட்கப் போயோ இறந்த வீரனுக்கு எடுத்த கல். ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை, ‘பட்டான்’ என்றால் இறந்தான் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கல்வெட்டு திறந்துவிடும். பல்லவர் காலத்தவை பெரும்பாலும் வட்டெழுத்தில் இருக்கும். மன்னன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் யாருடைய ஆள், எந்த ஊர், எப்படி இறந்தான் என்ற வரிசை அநேகமாக மாறாது.

இங்கேதான் உள்ளூர்க்காரரின் காது வேண்டும். இந்த வட்டாரத்தில் நடுகல்லை நடுகல் என்று யாரும் சொல்வதில்லை. அது வேடியப்பன். ஊருக்கு ஊர் வேடியப்பன் கோயில் உண்டு, பொங்கல் வைப்பார்கள், பிள்ளைக்குப் பெயரும் வைப்பார்கள். “உங்க ஊர்ல நடுகல் இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்ற பதில் வரும். “வேடியப்பன் கோயில் எங்கே?” என்று கேட்டால் ஆளே கூட்டிப்போய்க் காட்டுவார். கழகத்தின் பழைய களப்பணிக் குறிப்பேடுகளில் கோயில் பெயர்ப் பட்டியல் இருந்தால், அடுத்து எங்கே போகலாம் என்பதற்கு அதுவே வரைபடம்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திர வர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமை மந்தைக்காக இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்தது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்று கல்லே சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதே நூற்றாண்டில் அதே பகுதியில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பார்த்தால், ஆவணம் எதற்காக உண்டானது என்ற கேள்வியை ஏன் விடாமல் கேட்க வேண்டும் என்பது புரியும்.

கல்லிலிருந்து காகிதத்துக்கு வரும்போது, பாராமகால்காரர்களுக்கு ஒரு தனி அதிர்ஷ்டம் உண்டு. 1792இல் இந்தப் பகுதியை நிர்வகிக்க வந்தவர் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாளராக வந்து தர்மபுரியில் தங்கியவர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறை என்று பின்னால் மாகாணம் முழுக்கப் பரவிய நிலவரி ஏற்பாடு இங்கேதான் முளைவிட்டது. ஊர் ஊராக, வயல் வயலாக அளந்து, விளைச்சல், வரி, குடிகள், அவர்களின் பழக்கவழக்கம் எல்லாம் எழுதினார்கள். ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் 1907 முதல் சென்னை அரசு இவற்றைப் பகுதி பகுதியாக அச்சிட்டது. இவற்றோடு லெ ஃபானு தொகுத்த 1883ஆம் ஆண்டின் சேலம் மாவட்ட மேனுவலும், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டின் கெசட்டியரும் சேர்ந்தால் வட்டார எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும்.

எலும்புக்கூடுதான். மேனுவலை அப்படியே தமிழாக்கி ‘ஊர் வரலாறு’ என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு கலெக்டர் தாசில்தாரைக் கேட்டு, தாசில்தார் ஊர்க் கணக்கரான கர்ணத்தைக் கேட்டு, கர்ணம் தன் சாதிக்கும் தன் நிலத்துக்கும் ஒத்துவரும்படி சொன்ன பதில் ஆங்கிலத்தில் அச்சானதும் வேதவாக்காகிவிடுகிறது. எந்த வரிக்குக் கீழே வேறு ஆதாரம் இருக்கிறது, எது கேள்விப்பட்ட கதை என்று பிரித்துப் பார்க்காமல் அதை எடுத்து எழுதக் கூடாது.

கழக அலமாரியில் நான் மிகவும் மதிப்பது இனாம் பதிவேட்டு நகல்களை. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்தார்கள். வரியில்லாமலோ குறைந்த வரியிலோ அனுபவித்துவந்த நிலங்கள் அத்தனைக்கும் உரிமை இருக்கிறதா என்று விசாரித்து, 1860களில் ஊர்வாரியாகப் பதிவேடு எழுதினார்கள். பெரிய தாள், நிறையக் கட்டங்கள். எந்த வகை இனாம், எவ்வளவு நிலம், யார் கொடுத்தது, எப்போது, பட்டயம் உண்டா, இப்போது அனுபவிப்பவர் யார், முதலில் பெற்றவருக்கு என்ன உறவு, கமிஷனின் முடிவு என்ன என்று போகும். உள்ளூர்க் கழகத்துக்கு இது வந்து சேரும் வழி அநேகமாக ஒரு கோயில் வழக்குதான். யாரோ ஒரு தர்மகர்த்தாவோ பூசாரியோ நீதிமன்றத்துக்காகச் சான்றிட்ட நகல் வாங்கியிருப்பார். வழக்கு முடிந்து, அவரும் போய், மகன் கொண்டுவந்து கொடுத்திருப்பார்.

இந்தக் கட்டங்களை இடமிருந்து வலமாக ஒருமுறை படித்தால் கோயில் நிலத் தகராறு தெரியும். மேலிருந்து கீழாகப் படித்தால் ஊரே தெரியும். கோயிலுக்கு இவ்வளவு, மடத்துக்கு இவ்வளவு, மேளம் வாசிப்பவருக்கு, ஊர்க் குயவருக்கு, சலவை செய்பவருக்கு என்று இனாம்கள் வரிசையாக வரும்போது, 1860இல் அந்த ஊரில் யார் யார் எந்த வேலை செய்தார்கள் என்பது தெரியும். ஏரி வெட்டியவருக்கோ பழுது பார்த்தவருக்கோ கொடுத்த தசபந்த இனாம் சேலம் பகுதியில் உண்டு. அப்படி ஒரு வரி கிடைத்தால் ஏரியின் வரலாறு ஒரு குடும்பத்தின் பெயரோடு ஆரம்பிக்கிறது. ‘கொடுத்தவர்’ என்ற கட்டத்தில் திப்பு அரசோ மைசூர் உடையாரோ ஒரு பாளையக்காரரோ வந்தால், எழுத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு நூற்றாண்டு எட்டிப் பார்க்கிறது.

அதே கட்டங்களை ஐயத்தோடும் படிக்க வேண்டும். இனாமை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் கமிஷன் முன்னால் நின்றவர்கள் முடிந்த அளவு பழமை சொல்லியிருப்பார்கள். “பட்டயம் இருந்தது, கலகத்தில் போய்விட்டது” என்ற தோரணைப் பதில் சகஜம். அது உண்மையாகவும் இருக்கலாம். மைசூர்ப் போர்களின் காலத்தில் இந்தப் பகுதி பட்ட பாட்டுக்கு ஓலை தப்பியிருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்து கர்ணம் கட்டு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவிகளை ஒழித்தது. கர்ணமும் மணியக்காரரும் போய்க் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கணக்குகளை ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு, நடப்புக் கணக்குகள் ஒப்படைக்கவும் பட்டன. ஆனால் தாத்தா காலத்து நோட்டுகளும் நகல்களும் சில வீடுகளில் பரண்மேல் அப்படியே இருந்துவிட்டன. துணியில் கட்டி, கரையான் அரித்து, எலி கடித்து, எஞ்சியவை இப்போது வீடு இடிக்கும்போது வெளியே வருகின்றன. பழைய பேப்பர் கடைக்குப் போகுமுன் யாராவது கழகத்துக்குப் போன் செய்தால் பிழைக்கும்.

அதில் தேட வேண்டியது அடங்கல், கிராமக் கணக்கு எண் 2. புல எண் வாரியாக, அந்தந்தப் பருவத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்பதைக் கர்ணம் எழுதிய கணக்கு. தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு வருஷத்து அடங்கல் கிடைத்துவிட்டால் ஊரின் பொருளாதாரம் படம்போலத் தெரியும். ராகியும் சாமையும் எந்தப் புலத்தில் குறைந்தன, கிணறு எந்த வருஷம் புதிதாக வந்தது, மாங்கன்று எப்போது நட்டார்கள் என்று பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாம்பழத்தின் பெருமை பேசாத ஆள் அங்கே இல்லை. அது எந்தக் காட்டில் எந்த ஆண்டு தொடங்கியது என்று சொல்ல இந்த நோட்டைத்தான் திறக்க வேண்டும்.

கணக்கில் ஆண்டு பசலியில், அதாவது வருவாய்த்துறை ஆண்டில் இருக்கும். ஜூலையில் தொடங்கும் பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. கல்வெட்டில் சக ஆண்டு வந்தால் 78 கூட்ட வேண்டும். ஓலையிலும் பத்திரத்திலும் அறுபது வருஷச் சுற்றின் பெயர் மட்டும் வந்தால்தான் தலைவலி. அதே பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். மன்னனோ சாட்சியோ எழுதியவரின் பெயரோ வேறொரு ஆதாரத்தில் அகப்படும் வரை அதை ஒரு நூற்றாண்டில் பொருத்திவிடக் கூடாது. பழைய கணக்கில் நிலமும் நெல்லும் பின்னக் குறியீடுகளில் இருக்கும். மா, காணி, முந்திரி ஆகியவற்றின் குறிகளை எழுதிய ஒரு அட்டை அநேகமாக ஒவ்வொரு கழகத்திலும் தொங்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாகப் பங்கு பிரித்தவர்கள் எழுத்தில் மட்டும் சிக்கனக்காரர்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். ஆள் பெயரை அவசரப்பட்டு வாசித்துவிட்டால் அப்புறம் வம்சாவளியே தடம் மாறிவிடும்.

வாய்மொழியை இதோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் சுவாரஸ்யம் கூடுகிறது. பழைய சேலத்துக் கிழவர்கள் வாயில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்ற பேச்சு நீண்ட காலம் இருந்தது. தாது என்பது 1876–77. எங்கள் வம்சத்தில் அப்போது ஒரே ஒரு பையன்தான் மிஞ்சினான், ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பவே இல்லை என்று குடும்பக் கதைகள் சொல்லும். கதைதானே என்று ஒதுக்கலாம். சேலம் மாவட்ட மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் 16 இலட்சம். மூன்றரை இலட்சத்துக்கும் மேல் குறைவு, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பழைய அளவை ஏறத்தாழ எட்ட 1891 ஆனது. இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒரே பையன் மிஞ்சிய கதை வேறு மாதிரிக் கேட்கும். அதே பையன் 1936–37 தாதுவில் பிறந்தவராக இருக்க முடியாதா என்றும் சரிபார்க்க வேண்டும், அவருடைய பேரன் வயதைக் கேட்டால் தெரிந்துவிடும்.

காகிதத்தில் பெயர் பதிந்தவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர்கள், தானம் கொடுத்தவர்கள், வழக்குப் போட வசதியிருந்தவர்கள். அடங்கலில் பயிர் இருக்கும், அதை நட்ட பெண்ணின் பெயர் இருக்காது. பண்ணையாளும் ஊர்க்கோடிக் குடியிருப்பும் வரும் இடம், யாராவது கடன்பட்டோ அடமானமாகவோ ஆவணத்தில் ஏறும்போதுதான். நாஞ்சில்நாட்டு அழகியபாண்டியபுரத்தில் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகள் இதற்கு நல்ல உதாரணம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவனப்படுத்திய அந்த ஓலைகளில் திருவிதாங்கூர் வரிக்கொடுமைக்கு எதிராக நாட்டார் கூடிய செய்தியும் இருக்கிறது, மனிதரை அடிமையாக விற்று வாங்கிய செய்தியும் இருக்கிறது. ஒரு வீட்டுப் பெட்டிக்குள் இரண்டும் அருகருகே இருந்தன. முன்னதை மட்டும் எடுத்துப் போட்டு வீர வரலாறு எழுதுவது சுலபம்.

இந்த இடைவெளியை நிரப்ப அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்க்க வேண்டும். வெளியாட்கள் குப்பை என்று நினைப்பது அங்கேதான் இருக்கும். திருவிழா நோட்டீசுகள், கூட்டுறவுச் சங்க மினிட்ஸ், ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்த முச்சலிக்கைகள் (உறுதிமொழிப் பத்திரங்கள்), மொய் நோட்டுகள். மொய் நோட்டை லேசாக எண்ண வேண்டாம். யார், எந்த ஊர், எவ்வளவு என்று மூன்றே விவரம்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் நாற்பது வருஷத்து மொய் நோட்டுகளில் பெண் கொடுத்த ஊர்களின் வட்டம் விரிவது தெரியும், பெங்களூர் என்ற பெயர் எந்த வருஷத்தில் முதலில் வருகிறது என்று தெரியும், எந்தச் சாதிக்காரர் எந்த வீட்டுக்கு மொய் எழுதினார், எழுதவில்லை என்பதும் தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் அப்படித்தான். ஒரு தெருவிலிருந்து முதல் குழந்தை பள்ளிக்கு வந்த ஆண்டு அதில் இருக்கிறது. பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் பாதி ஊரும் மே, ஜூனில் பிறந்ததாக எழுதியவர் தலைமையாசிரியர்!

சாதிச் செப்பேடுகள், பட்டயங்கள் பற்றி ஒரு வார்த்தை. கொங்குப் பகுதியில் புலவர் செ. இராசு போன்றவர்கள் வீடு வீடாகப் போய் இவற்றைத் தேடித் தொகுத்ததால்தான் பல தப்பின. இவற்றை வாசிக்கும்போது செப்பேட்டில் போட்டிருக்கும் ஆண்டும் எழுத்தின் அமைதியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வழக்கம். விக்கிரமாதித்தன் காலத்துத் தேதியோடு 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் பட்டயம் வந்தால் தூக்கிப் போடத் தேவையில்லை. 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சமூகம் எந்த மரியாதைக்காக யாரோடு மோதியது, ஏன் அப்படி ஒரு பழமை தேவைப்பட்டது என்பதற்கு அது முதல்தரச் சான்று. விக்கிரமாதித்தனைப் பற்றிய சான்றாக எடுத்துக்கொள்வதுதான் கூடாது. இப்படிச் சொன்னால் கோபப்படுபவர்கள் உண்டு. கழகக்காரர்களும் உள்ளூரில் வாழ வேண்டியவர்கள் என்பதால் சில பட்டயங்களின் கருத்துரையில் மென்று முழுங்கியிருப்பார்கள், அதையும் கவனித்துப் படிக்க வேண்டும்.

ஆகவே எந்தக் கட்டைப் பிரித்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது யார் வீட்டிலிருந்து வந்தது, கூட என்னென்ன வந்தன? ஒரே வீட்டிலிருந்து வந்த பத்திரமும் கடிதமும் கணக்கு நோட்டும் சேர்ந்திருந்தால் ஒன்று மற்றதை விளக்கும். பத்திரம் ஒரு கவரில், கடிதம் இன்னொரு ஃபைலில் என்று ‘பொருள்வாரியாக’ அடுக்கிவிட்டால் அந்த உறவு அறுந்துபோகும். நல்ல எண்ணத்தோடு இந்த வேலையைச் செய்து பல சேகரிப்புகளைக் குலைத்திருக்கிறார்கள். வரவுப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். கொடுத்தவர், தேதி, எத்தனை உருப்படி என்று நாலு பத்தியில் ஒரு நூறு பக்க நோட்டு இருந்தாலே பெரிய விஷயம். இல்லையென்றால் செயலாளரின் நினைவில் இருப்பதை அவர் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பல கழகங்களில் அட்டவணை என்பது எழுபது வயது தாண்டிய ஒருவரின் ஞாபகம்தான்.

செல்போனில் படமெடுப்பவர்கள் முதல் படமாகக் கட்டின் மேலுறையை எடுக்க வேண்டும், அடுத்து உள்ளே உள்ள பக்கங்கள் வரிசை மாறாமல், வெற்றுப் பக்கம் உட்பட. ஓலையில் எழுத்து தெரியவில்லை என்று எண்ணெய் தடவும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும். கல்லில் சாக்பீஸும் மைதா மாவும் தடவிப் படமெடுப்பது இன்னும் போகாத கெட்ட பழக்கம். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே எழுத்து நிழல் விழுந்து தெரியும்.

எல்லாவற்றுக்கும் கழகத்துக்கு ஓட வேண்டியதில்லை. பழைய மேனுவல்களும் கெசட்டியர்களும் இணையத்தில் கிடைக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் ஏராளம். வில்லங்கச் சான்று பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975இலிருந்து வீட்டிலிருந்தே பார்க்கலாம், அதற்கு முந்தையவற்றுக்கு மனுப் போட வேண்டும். 1961 கணக்கெடுப்பின்போது சில கிராமங்களுக்குத் தனி நூலே எழுதினார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு 1916இல் ஆய்வு செய்த இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான் போன்ற ஊர்களுக்குப் பின்னாளில் மறு ஆய்வுகளும் உண்டு. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால் யோகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கழகங்களுக்குள்ளேயே இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. படியெடுத்தவற்றை எல்லாம் இணையத்தில் போட்டுவிடலாமா? கல்வெட்டும் நடுகல்லும் போடலாம், அதில் தகராறு இல்லை. இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொன்னால் சிலை திருடுபவனுக்கும் வழிகாட்டியதாகிவிடும் என்பதால், தனியாகக் கிடக்கும் சிற்பங்களுக்கு ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. பள்ளிப் பதிவேடு, பஞ்சாயத்து முச்சலிக்கை, கடன் பத்திரம் என்று வரும்போது விஷயம் வேறு. அதில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள். அறுபது வருஷத்துக்கு முன் ஊர் ஒதுக்கிவைத்த குடும்பத்தின் பெயரை இன்று ஸ்கேன் செய்து ஏற்றினால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் யாரோ அதைத் தேடி எடுப்பார்கள். இப்போதைக்குச் சில குழுக்கள் கையாளும் வழி எனக்குச் சரியென்று படுகிறது. மூலத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது, ஒரு நகலைக் கொடுத்த குடும்பத்துக்குத் திருப்பித் தருவது, நேரில் வந்து கேட்பவருக்கு என்ன ஆய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு காட்டுவது, அச்சில் பெயரை மறைத்து எண்ணும் ஆண்டும் மட்டும் தருவது.